கொடைக்கானல் வீட்டில் ஒரு மழைப் பிற்பகல்: மலைவாழைப்பழ கேக், லிப் பாம், சுங்குடித் திரை

மூடுபனி இறங்கிவிட்டால் கொடைக்கானலில் மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் இருட்டும்வரை வெளியே போகத் தோன்றாது. அந்த நேரத்தை நான் அடுப்படியிலும் தையல் பெட்டியின் பக்கத்திலும் செலவிடுகிறேன். ஓவனில் கேக் வேகும்போதே தேன்மெழுகை உருக்கி லிப் பாம் ஊற்றிவிடலாம். அது இறுகுவதற்குள் ஜன்னலுக்கு ஒரு திரை தயாராகிவிடும். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, கடைத்தெருவில் ஒரு நல்ல கேக் வாங்கும் விலையைத் தாண்டாது.

சமவெளியில் இருப்பவர்கள் எழுதிவைத்த அளவுகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் கேக் நடுவில் அமுங்கும், லிப் பாம் கல்லாக இறுகும், திரையில் பூஞ்சை பிடிக்கும். கீழே இருப்பவை சுமார் 2100 மீட்டர் உயரத்துக்கும், இங்கிருக்கும் குளிருக்கும் ஈரத்துக்கும் தக்கபடி என் வீட்டில் மாற்றிக்கொண்ட அளவுகள்.

கேக்குக்குப் பழம்

விருப்பாச்சி மலைவாழைதான் வேண்டும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கத்துக் கீழ்மலைத் தோட்டங்களில் விளைவது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பாருங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேரும் பழம் இது. நீர்ச்சத்து குறைவு, மணம் அதிகம், பழுத்த பிறகும் எளிதில் அழுகாது, தோல்தான் கறுத்துச் சுருங்கும். முடிக்கொத்து நோய் வந்து மலைவாழைத் தோட்டங்கள் பெரிதும் அழிந்துபோனதால் நல்ல சீப்புக்கு விலை கூடுதலாகத்தான் சொல்வார்கள். கேக்குக்கு நல்ல சீப்பு தேவையே இல்லை. தோல் முழுக்கக் கறுத்து, வியாபாரி ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் சீப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில்தான் இனிப்பும் வாசனையும் உச்சத்தில் இருக்கும்.

அளவுகள் (7 அங்குல வட்டப் பாத்திரத்துக்கு)

மைதா 210 கிராம்
தோலுரித்து மசித்த மலைவாழைப்பழம் 250 கிராம்
சர்க்கரை 120 கிராம்
சூரியகாந்தி எண்ணெய் 80 மி.லி.
முட்டை 2
பால் 60 மி.லி.
பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி
சமையல் சோடா கால் தேக்கரண்டி
ஏலக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு

கப் கணக்கை விட்டுவிட்டு ஒரு சிறிய மின்னணுத் தராசு வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் மைதா ஈரம் இழுத்துக் கட்டிதட்டிப்போகிறது. ஒரே கப்பில் அள்ளினாலும் ஒவ்வொரு முறையும் எடை மாறும். வண்ண வண்ணமான சிலிக்கான் அச்சுகளைவிடத் தராசுக்குக் கொடுக்கும் பணம் நெடுநாள் உதவும்.

கேக் நடுவில் ஏன் அமுங்குகிறது

இந்த ஒரு சிக்கலால் மலையில் கேக் செய்வதையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மலையடிவாரத்து வத்தலகுண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பஸ் மலையேற ஏற உப்பி இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறவில்லை. வெளியே அதை அழுத்தும் காற்றுதான் குறைந்துவிட்டது. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் கொடைக்கானலில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறைந்திருக்கும். கேக் மாவுக்குள் பேக்கிங் பவுடர் உண்டாக்கும் வாயுக் குமிழ்களுக்கும் அதேதான் நேர்கிறது. அவை வேகமாகவும் பெரிதாகவும் உப்புகின்றன. மாவு வெந்து உறுதியாவதற்கு முன்பே உயர எழும்பி, தாங்க ஆளில்லாமல் உடைகின்றன. வெளியே எடுத்தவுடன் நடுவில் குழி.

இன்னொன்று, இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. இதனால் மாவிலுள்ள ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போகும். ஈரம் போகப் போக மீதியுள்ள மாவில் சர்க்கரை அடர்த்தியாகும். சர்க்கரை மிகுந்த மாவு உறுதிப்பட நேரமாகும். குழி இன்னும் ஆழமாகும்.

அதனால்தான் மேலே உள்ள அளவுகள் வித்தியாசமாக இருக்கின்றன. சமவெளியில் இதே கேக்குக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சோடாவும் போடுவார்கள். இங்கே இரண்டும் பாதி. சர்க்கரை 150 கிராமிலிருந்து 120-க்கு இறங்கியிருக்கிறது. மைதாவை 20 கிராம் கூட்டியிருக்கிறேன். பால் சேர்த்திருப்பது ஆவியாகும் ஈரத்தை ஈடுகட்ட. மலைவாழையில் தண்ணீர் குறைவு என்பதால் அது இன்னும் அவசியம். ஓவன் வெப்பத்தை 175-லிருந்து 190 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். குமிழ்கள் உடைவதற்குள் மாவு உறுதிப்பட்டுவிடும்.

செய்முறை

1. முட்டைகளை உடைக்காமல் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் போட்டு வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் சமையலறையில் இருக்கும் முட்டையும் குளிர்பதனப் பெட்டியில் இருந்து எடுத்தது போலத்தான் இருக்கும். பாலும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

2. பாத்திரத்தின் அடியில் பட்டர் பேப்பர் விரித்து, ஓவனை 190 டிகிரியில் சூடாக்கத் தொடங்குங்கள்.

3. முட்டையையும் சர்க்கரையையும் கரையும்வரை மட்டும் கலக்குங்கள். நுரை பொங்க அடிப்பது கூடாது. அடித்து ஏற்றும் காற்றும் மேற்சொன்ன குமிழ்களோடு சேர்ந்துகொள்ளும். மின்சார பீட்டர் வேண்டாம், கைக்கரண்டி போதும். பிறகு எண்ணெய், பால், பழம்.

4. மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலக்காய் எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்துச் சேர்த்து, மாவுத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். கலவை இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும்.

5. உடனே ஓவனில் வையுங்கள். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. கண்ணாடி வழியாகப் பாருங்கள். முதலில் ஓரங்கள் எழும்பும், நடுப்பகுதி பளபளவென்று ஈரமாகக் கிடக்கும். பிறகு நடுவும் மெல்ல மேலே வந்து, பளபளப்பு மங்கி, உச்சியில் ஒரு வெடிப்பு விழும். அந்த வெடிப்பின் உள்பக்கம் ஈரமாகத் தெரிகிற வரை கேக் வேகவில்லை. 35 நிமிடத்துக்கு மேல் ஓரம் பாத்திரத்தை விட்டு ஒரு நூலளவு விலகியிருக்கும். நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் திரும்ப எழும்ப வேண்டும். குச்சி குத்திப் பார்ப்பதைவிட இந்த இரண்டு அடையாளங்களையே நான் நம்புகிறேன்.

6. ஆறியவுடன் மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். மலைக்காற்றில் திறந்து வைத்த கேக் இரவுக்குள் காய்ந்துவிடும்.

ஓவன் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோவேவ் கன்வெக்ஷனைவிட ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) எனக்குப் பிடித்தது. மேல், கீழ்க் கம்பிகளைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். மழை நாட்களில் மின்னழுத்தம் குறைந்தால், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை 190-இல் வைத்திருந்தாலும் உள்ளே அவ்வளவு சூடு ஏறாது. ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். குமிழின் எண்ணைப் பார்க்காமல் அதைப் பாருங்கள்.

கேக் வேகும் நேரத்தில் லிப் பாம்

மலைக்காற்றில் உதடு வெடிப்பது எல்லாருக்கும் தெரியும். அதோடு, உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிர்களும் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் கூடுகின்றன. குளிருகிறது என்று வெயிலில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு உதடு கறுத்துத் தோலுரிவது இதனால்தான். லிப் பாம் வெடிப்பை ஆற்றும், வெயிலைத் தடுக்காது. உச்சி வெயிலுக்குத் தொப்பி போடுங்கள்.

தேன்மெழுகு 10 கிராம், தேங்காய் எண்ணெய் 15 கிராம், பாதாம் எண்ணெய் 25 கிராம். பாதாம் எண்ணெய் இல்லையென்றால் நல்லெண்ணெய். பல குறிப்புகளில் மெழுகும் தேங்காய் எண்ணெயும் மட்டுமே இருக்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் உறைந்தேதான் இருக்கிறது. அதில் மெழுகையும் சேர்த்தால் விரலால் வழிக்கவே வராது. குளிரிலும் உறையாத எண்ணெய் பாதியாவது இருக்க வேண்டும்.

தேன் விற்பவர்களிடம் கேட்டால் மெழுகும் கிடைக்கும். அடையிலிருந்து எடுத்த மெழுகு கறுப்பாக, தூசியும் தேனீச் சிறகும் ஒட்டிக்கொண்டு வரும். பழைய டின் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அதில் மெழுகைப் போட்டு மிதமான சூட்டில் உருக்கி, துணியில் வடிகட்டி, அசையாமல் ஆறவிடுங்கள். மெழுகு மேலே வட்டமான வில்லையாக இறுகும். எடுத்துத் திருப்பினால் அடிப்பக்கத்தில் பழுப்பு நிற அழுக்குப் படிந்திருக்கும். அதைக் கத்தியால் சுரண்டிவிட்டால் மேலே மஞ்சள் மெழுகு மட்டும் மிஞ்சும். இதற்குச் சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள், மெழுகு போகவே போகாது.

மெழுகையும் எண்ணெயையும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கொதிக்கும் நீருள்ள பாத்திரத்துக்குள் குப்பியை வையுங்கள். மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி போதும் என்பதால் நம் ஊர்க் கொதிநீரே தாராளம். நேரடியாக நெருப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள். உருகியதும் ஒரு சொட்டைக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டு, இறுகியபின் விரலால் தேய்த்துப் பாருங்கள். கடினமாக இருந்தால் எண்ணெய் ஒரு கரண்டி, வழவழவென்று ஓடினால் மெழுகு ஒரு துண்டு. பிறகு சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றுங்கள்.

எங்கும் கிடைக்கிறதே என்று யூகலிப்டஸ் தைலத்தை இதில் சேர்க்க வேண்டாம். உதட்டுத் தோலை எரிக்கும். குழந்தைகள் விழுங்கினால் நஞ்சு. எலுமிச்சைச் சாறும் கூடாது. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகும்.

சுங்குடித் திரை

நம் மாவட்டத்துச் சின்னாளப்பட்டிச் சுங்குடிப் புடவை ஒன்று எல்லார் வீட்டுப் பெட்டியிலும் இருக்கும். கட்டிக் கட்டிக் கீழ்க்கரை மட்டும் நைந்து, உடல் அப்படியே இருக்கும் புடவையாகப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் புடவையை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் மூன்று கிடைக்கும். நான்கடி உயர ஜன்னலுக்கு மேலும் கீழும் மடித்துத் தைக்க அது போதும். நைந்த கரையை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுங்கள். நல்ல கரை திரையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும். முந்தானைத் துண்டு வரவேற்பறைக்கு. வெட்டுவதற்கு முன் உப்பு நீரில் தனியாக ஒருமுறை அலசுங்கள்.

தைப்பதைவிட மாட்டுவதில்தான் கவனம் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சுருள் கம்பியை ஜன்னல் சட்டத்திலேயே அடித்து மாட்டினால் துணி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரவில் கண்ணாடியில் பூக்கும் நீர் முழுக்கத் துணிக்குள் இறங்கி, மழைக்காலம் முடிவதற்குள் கரும்புள்ளிகள் வந்துவிடும். மூங்கில் கழி ஒன்றை இரண்டு கொக்கிகளில், கண்ணாடியிலிருந்து நான்கு விரல் தள்ளி மாட்டுங்கள். காலையில் திரையை ஒதுக்கிக் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.

ஜன்னல் மேடைக்கு, காலியான ஜாம் பாட்டில்களில் உலர்ந்த ஹைட்ரேஞ்சியா. இதழ்கள் தொட்டால் காகிதம் போல ஆகும்வரை செடியிலேயே விட்டுப் பறித்து, இரண்டு விரல் தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீர் தானாக வற்றும்வரை அப்படியே வைத்துவிடுங்கள். இளம் பூ தலை தொங்கிவிடும். பைன் காய்களும் அழகுதான், ஆனால் வனத்துறைக் காட்டிலிருந்து எடுத்து வராதீர்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு வத்தலகுண்டிலிருந்து ஒரு வாசகி, கேக் எழும்பவே இல்லை, களியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். இந்த அளவுகள் மலைக்கு மட்டும். அடிவாரத்தில் இருப்பவர்கள் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா, 190 கிராம் மைதா, 175 டிகிரி என்றே செய்யுங்கள். பால் ஒரு மேசைக்கரண்டி போதும். தாண்டிக்குடி போன்ற நடுமலை ஊர்களில் முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரில் தொடங்கிப் பாருங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு: கனமான குக்கரின் அடியில் ஒரு கப் கல்லுப்பைப் பரப்பி, வளையத்தையும் விசிலையும் எடுத்துவிட்டு, மூடியோடு பத்து நிமிடம் சூடேற்றுங்கள். உள்ளே தாங்கி வைத்து அதன்மேல் கேக் பாத்திரம். சிறு தீயில் 50 நிமிடம் வரை ஆகும். மேற்புறம் சிவக்காது, சுவை மாறாது.

முட்டை சேர்க்காதவர்கள் இரண்டு முட்டைக்குப் பதில் 100 கிராம் கெட்டித் தயிர் சேர்த்து, பாலை 2 மேசைக்கரண்டியாகக் குறைக்க வேண்டும். முட்டை தரும் பிடிப்பு இல்லாததால் ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி நிற்காது. கப் கேக் அச்சுகளில் முக்கால் அளவு மட்டும் ஊற்றி, 190 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள்.