ஷட்டவுன் 90 விநாடி இழுக்கிறதா? சிஸ்டம்டியில் எதைத் திருத்துவது

இனிட் என்பது லினக்ஸில் முதலில் எழும் புராசஸ், எண் 1. பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் இப்போது அந்த வேலையைச் செய்வது சிஸ்டம்டி. ஷட்டவுன் சொன்னதும் பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் 'நின்றுகொள்' என்று கேட்கும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்பி, வழக்கமாக 90 விநாடி வரை பொறுக்கும். அதற்குள் அடங்காததை சிக்கில் என்ற கட்டாய சிக்னல் கொடுத்துக் கொன்றுவிடும்.

எல்லா சர்வீஸுக்கும் பொதுவான இந்தக் காத்திருப்பு நேரத்தை, அதாவது டீஃபால்ட்டைம்அவுட்ஸ்டாப்செக் மதிப்பை, 5 விநாடியாக்கும் குறுக்குவழி வேண்டாம். பாதியில் கொல்லப்பட்ட டேட்டாபேஸ், அடுத்த பூட்டில் மாற்றங்களைக் குறித்துவைத்த லாக்கை மறுபடி ஓட்டித் தன்னை மீட்டுக்கொள்ளும். அதுவரை அதை நம்பியிருக்கும் அப்ளிகேஷன் காத்துக் கிடக்கும்.

1. யார் இழுக்கிறார் என்று பாருங்கள். 'ஜர்னல்சிடிஎல் -பி -1' முந்தைய பூட்டின் பதிவைக் காட்டும். கடைசிப் பகுதியில் 'ஸ்டாப்-சிக்டெர்ம் டைம்டு அவுட்' என்ற வரியில் இருக்கும் சர்வீஸ்தான் காரணம். ஒன்றுமே வராவிட்டால் ஜர்னல் என்ற அந்தப் பதிவேடு நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. வார் டைரக்டரியின் லாக்கிற்குள் (/var/log) ஜர்னல் என்ற ஃபோல்டரை உருவாக்கி, பதிவேட்டை எழுதும் ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

2. வரிசை. பலரும் வழுக்கும் இடம் இதுதான். அப்ளிகேஷனின் யூனிட்டில், அதாவது அதன் அமைப்பு ஃபைலில், டேட்டாபேஸைக் குறித்து 'ரிக்வயர்ஸ்' மட்டும் போட்டால் சார்பு கிடைக்கும், வரிசை கிடைக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் நிறுத்தப்படும். 'ஆஃப்டர்' வரியும் சேர்த்தால் டேட்டாபேஸ் முதலில் எழும். நிறுத்தும்போது வரிசை தலைகீழாகி அப்ளிகேஷன் முதலில் இறங்கும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இது நன்றாகத் தெரியும். சிக்டெர்ம் வந்தால் அது புதிய இணைப்புகளை மறுத்துவிட்டு, இருக்கும் கிளையன்ட்டுகள் தாமாக விலகும்வரை காத்திருக்கும். திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை (கனெக்ஷன் பூல்) மூடாத அப்ளிகேஷன் ஒன்று இருந்தால் 90 விநாடியும் போய்விடும். சிக்இன்ட் என்ற இன்னொரு சிக்னல் கொடுத்தால் இணைப்புகளைத் துண்டித்து, தரவைப் பத்திரமாக எழுதிவிட்டு மூடும். யூனிட்டைக் கையால் எழுதியிருந்தால் 'கில்சிக்னல்=சிக்இன்ட்', 'கில்மோட்=மிக்ஸ்டு' இரண்டையும் போடுங்கள்.

3. திருத்த 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' போதும். மூல ஃபைலைத் தொட்டால் பேக்கேஜ் அப்டேட்டில் மாற்றம் அழிந்துபோகலாம்.

4. சோதிக்க ரீபூட் தேவையில்லை. 'டைம் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' என்று அந்த சர்வீஸை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நேரம் பிடித்தால், காத்திருப்பு நேரமான டைம்அவுட்ஸ்டாப்செக்கை அந்த ஒரு யூனிட்டில் மட்டும் மாற்றுங்கள். டேட்டாபேஸுக்குக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: டாக்கர் கன்டெய்னர் ஒவ்வொரு முறையும் சரியாக 10 விநாடி கழித்தே நிற்கிறதென்றால், உள்ளே எண் 1 யாரென்று பாருங்கள். ஷெல் ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் இருந்தால் சிக்டெர்ம் அதோடு நின்றுவிடும். அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேராது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில், அப்ளிகேஷனைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் 'எக்ஸெக்' சேருங்கள். ஷெல்லின் இடத்தை அப்ளிகேஷனே எடுத்துக்கொள்ளும். ஆனால் எண் 1 ஆகிவிட்ட அப்ளிகேஷன் சிக்டெர்மைக் கையாளும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கெர்னல் அந்த சிக்னலைப் பொருட்படுத்தாது. அப்படிப்பட்டதற்கு டாக்கர் ரன்னில் '--இனிட்' சேர்த்து, சிறிய இனிட் ஒன்றை எண் 1 ஆக வைப்பதே நல்லது.