திருக்கை ஜோடி சேர்க்கும் முன் பெண்ணின் உடலைத் தேற்றுங்கள்

மோட்டோரோ என்ற நன்னீர்த் திருக்கை ஜோடியை முதல்முறை அவசரப்பட்டு ஒரே தொட்டியில் விட்டேன். மறுநாள் காலையில் பெண்ணின் வட்ட உடலைச் சுற்றிக் கடித்த காயங்கள். வாலுக்கருகே ஓரிடத்தில் தோல் கிழிந்து தொங்கியது. இணைசேரும்போது ஆண், பெண்ணின் ஓரத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அது அதன் இயல்பு. என் பெண் அன்று மெலிந்திருந்தது, அதுதான் தவறு.

ஆணை அடையாளம் காண்பது எளிது. வாலின் இருபுறமும் விரல்போல நீண்ட இரண்டு உறுப்புகள் இருக்கும்.

பெண்ணை மேலிருந்து பாருங்கள். வால் தொடங்கும் இடத்தின் இருபக்கமும் இடுப்புப் பகுதி புடைத்துத் தெரிந்தால் அதற்கு இன்னும் தீனி போதவில்லை. மண்புழு, உரித்த இறால், மீன் துண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். அந்த மேடு சதையால் மூடும்வரை பொறுங்கள். என் பெண்ணுக்கு ஐந்து மாதம் ஆனது. அவ்வளவு காத்திருக்க மனம் வராதவர்கள் தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம்.

தீனி கூடினால் தண்ணீர் கெடும். கடல் திருக்கைகள் உடலில் யூரியாவைத் தேக்கி வைப்பவை. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் இந்தக் குடும்பம் அந்தத் திறனை இழந்துவிட்டது. கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகவே வெளியேறும். அதனால் பெரிய ஃபில்டர் வேண்டும். தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். வெப்பம் 27 டிகிரி சரியாக இருக்கும். திருக்கை ஹீட்டர் மேல் படுத்து வெந்துபோகும், ஹீட்டருக்குக் கூடு போடுங்கள். தொட்டியின் அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. வளர்ந்த பெண் தாராளமாகத் திரும்ப வேண்டும்.

அப்புறம்தான் ஆண். நடுவில் தடுப்பு வைத்து இரண்டு வாரம் பழக விட்டேன். பிறகு ஒரு மாலை, நிறையத் தண்ணீர் மாற்றிவிட்டுத் தடுப்பை எடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இணைசேர்ந்ததும் ஆணைப் பிரித்துவிட்டேன்.

சினைக்காலம் ஏறக்குறைய 3 மாதம். கருப்பைச் சுவரில் பால்போல ஒரு திரவம் சுரந்து குட்டிகளை வளர்க்கும், ஆகவே இப்போதும் தீனி குறையக் கூடாது. கடைசி வாரங்களில் முதுகின் பின்பக்கம் இருபுறமும் மேடாகும். உள்ளே குட்டி அசைவதைக்கூடப் பார்க்கலாம்.

எனக்கு நான்கு குட்டிகள், எல்லாம் இரவில். குட்டிகளைப் பிடிக்க வலை வேண்டாம், வால் முள் சிக்கிக்கொள்ளும். அகன்ற பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து உள்ளே ஓட்டுங்கள். கையருகே வாலை வரவிடாதீர்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு தீரும்வரை குட்டிகள் சாப்பிடாமல் இருக்கலாம். பிறகு நறுக்கிய மண்புழு. தாயைப் பாருங்கள், இடுப்பு மேடு மறுபடி தெரியும். அது மூடும்வரை ஆண் தடுப்புக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும்.