சென்னை–மதுரை விமான நேரம்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 415 கி.மீ. ஏர்பஸ் 320 மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் அரை மணி நேரம் வருகிறது. டிக்கெட்டிலோ ஒன்றே கால் மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருக்கும்.

இப்படி வகுப்பதுதான் முதல் தவறு. 830 என்பது உயரத்தை எட்டிச் சமமாகப் பறக்கும்போது கிடைக்கும் வேகம். இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த நிலை சில நிமிடங்களே நீடிக்கும். மீதியெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. என்ற வரம்பும் உண்டு. சென்னையின் முதன்மை ஓடுபாதை 07/25, அதாவது ஏறத்தாழ கிழக்கு–மேற்காக அமைந்தது. கடலைப் பார்த்துக் கிழக்கே கிளம்பினால், தென்மேற்கில் இருக்கும் மதுரைக்கு வளைந்து திரும்ப வேண்டும். அந்தச் சுற்று நேர்கோட்டுத் தூரத்தில் சேராது.

டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரையான நேரம் அது. சென்னையில் ஓடுபாதையை அடையவே 10–15 நிமிடம் ஆகலாம். 500 கி.மீ.க்கு உட்பட்ட ஜெட் பயணத்துக்கு, வகுத்து வந்த விடையுடன் 40 நிமிடம் கூட்டுங்கள். கணக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் என்றால் இரண்டு மடங்கு நேரமாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். ஆனால் அது அவ்வளவு உயரம் ஏறுவதில்லை, எனவே வகுத்த விடையுடன் 30 நிமிடம் கூட்டினால் போதும். சென்னை–மதுரைக்கு ஒரு மணி 20 நிமிடம் வரும். ஜெட்டைவிடப் பத்து நிமிடமே அதிகம்.

அலகிலும் கவனம் வேண்டும். விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல்: 1.852 கி.மீ. சென்னை–மதுரை தூரமான 225 கடல் மைலைத் தரை மைல் என்று எண்ணி 1.609ஆல் பெருக்கினால் 362 கி.மீ. வரும். ஐம்பது கி.மீ.க்கு மேல் காணாமல் போய்விடும்.

இதைவிடப் பெரிய பிழை விமான நிலையக் குறியீட்டில் நேர்கிறது. திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி, தூத்துக்குடி டிசிஆர். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 290 கி.மீ.; கடைசி எழுத்து மாறினால் 610 ஆகிவிடும். நகரத்தின் பெயரை மட்டும் கொடுத்தாலும் தூரத்தைக் கணக்கிடும் சில இணையக் கணிப்பான்கள் நகர மையத்திலிருந்தே அளக்கும். யாழ்ப்பாண விமான நிலையம் இருப்பது பலாலியில். நகரிலிருந்து சாலை வழியே 15 கி.மீ.க்கு மேல்.

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்ப்பது உள்நாட்டில் சரி. இலங்கைக்கும் இந்திய நேரமே என்பதால் திருச்சி–பலாலிக்கும் பொருந்தும். திருச்சி–சிங்கப்பூருக்குப் பொருந்தாது, அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

ரயிலோடு ஒப்பிடும்போது டிக்கெட் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்நாட்டுப் பயணத்துக்குச் செக்-இன் கவுன்டரைப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்னதாகவே மூடிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வர ஒரு மணி நேரம், அங்கே ஒன்றரை மணி நேரம், பயணம் ஒன்றே கால், இறங்கிப் பெட்டி எடுத்து மதுரை நகருக்குள் வர முக்கால் மணி நேரம் என்று போட்டால் நாலரை மணி நேரம். எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் மதுரை ஜங்ஷனில் இறக்கிவிடுகிறது.