தஞ்சாவூருக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் பலர் தஞ்சாவூருக்கு ஒதுக்குவது இரண்டு மணி நேரம்தான். பெரிய கோயில் முன்னால் நாலு படம், நந்தி பக்கத்தில் இரண்டு படம், அப்புறம் கும்பகோணம் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பாது. கோயில், அரண்மனை, கோட்டை மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கும் ஊர் இது. அவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

காலை ஆறரைக்குள் பெரிய கோயிலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் அந்தக் கல்தரையில் கால் வைக்க முடியாது. மதியம் நடை சாத்திவிட்டு மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். ரயிலில் வந்தால் புது ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்துவிடலாம்.

மராட்டியர் கால வாசலைத் தாண்டினால் முதலில் கேரளாந்தகன் திருவாயில், அடுத்தது ராஜராஜன் திருவாயில். இரண்டாவதில் அவசரப்படாமல் நில்லுங்கள். அங்கே நிற்கும் துவாரபாலகரின் காலடியில் ஒரு பாம்பு இருக்கிறது. அதன் வாயை உற்றுப் பாருங்கள்: ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானையே அத்தனை சிறிதென்றால் காவல்காரர் எவ்வளவு பெரியவர் என்று சிற்பி நம்மையே கணக்குப் போட வைக்கிறார். அப்படியே கண்ணைக் கீழே இறக்கினால் அடித்தளத்தில் சிறு சிறு சிற்பங்களாக மார்க்கண்டேயன் கதை, சிவன் திருமணம், அர்ச்சுனன் தவம். குழந்தைகளோடு வந்தால் இங்கே கதை சொல்லலாம்.

விமானம் சுமார் 216 அடி. ராஜராஜன் 1010இல் கட்டி முடித்தது. நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலையில் விமானத்துக்கு மேற்கே போனால் அதன் நிழலில்தான் நிற்பீர்கள். இத்தனை உயரத்துக்குக் கல்லை அடுக்கியவர்களுக்குப் பொய்ப் பெருமை எதற்கு?

இனி நான் மிகவும் வேண்டிக் கேட்பது: மேலே பார்த்தது போதும், சுவரைப் படியுங்கள். விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்துதான். தான் கொடுத்ததையும், அக்கன் குந்தவை கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை வடக்குப் பக்கம் இருக்கிறது. கல்வெட்டு தெளிவாகத் தெரிய சாய்வான வெயில் வேண்டும். மார்கழி, தையில் வந்தால் காலையில் தெற்குச் சுவருக்குப் போங்கள். வைகாசி, ஆனியில் வடக்குச் சுவர். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

படிக்கத் தெரியாதே என்று தயங்காதீர்கள். ட, ப, ய போன்றவை இன்றைய எழுத்துக்கு நெருக்கமாகவே இருக்கும். க மட்டும் கூட்டல் குறி போல இருக்கும். புள்ளி அநேகமாக வைக்க மாட்டார்கள். என் அண்ணன் மகள் ஏழாவது படிக்கும்போது சுவரோரம் உட்கார்ந்து, "அத்தை, இது ட தானே?" என்று ஆரம்பித்தவள், நாங்கள் கிளம்பும்போது ஒரு வரியில் பாதியைக் கூட்டிப் படித்துவிட்டாள். சுவரைத் தொட்டுத் தடவ வேண்டாம், கண்ணால் போதும்.

ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின் பெயர், வந்த ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் இந்தக் கோயில் கல்வெட்டில் உண்டு. அரசனின் பெயரைக் கல்லில் வெட்டுவது பெரிதில்லை. ஆடவந்த பெண்களின் வீட்டு வரிசையையும் ஆயிரம் வருஷம் நிற்கும்படி எழுதி வைத்தார்களே, அதற்காகவே இந்தக் கோயில் எனக்கு உயிர். திருச்சுற்று மாளிகையின் தென்மேற்கில், 1803இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி வெட்டுவித்த, தம் போன்ஸ்லே வம்ச வரலாறு மராத்தியில் நீளமாகப் போகிறது. அதையும் பார்த்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் பக்கத்திலேயே சிவகங்கைக் குளம். பெரிய கோயிலைச் சுற்றிய அகழியும் மதிலும் சின்னக்கோட்டையைச் சேர்ந்தவை. குளத்தை ஒட்டி 1779இல் சுவார்ட்ஸ் பாதிரியார் கட்டிய தேவாலயம் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போய், சாகக் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பத்தைப் பாருங்கள். லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செய்தது. அரண்மனையில் நிற்கும் சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலையும் அவர் கைவேலைதான்.

பிறகு அரண்மனை. நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரிவாக்கியது. கலைக்கூடம், சரசுவதி மகால் அருங்காட்சியகம் என்று தனித்தனியாக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிவரும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளா என்று முன்பே விசாரித்துவிடுவது நல்லது. நேரம் குறைவென்றால் தர்பார் மண்டபத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரிடம், அதாவது காளைமேல் கைசாய்த்து நிற்கும் சிவனிடம் போய் நில்லுங்கள். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. ரிஷபம் இப்போது இல்லை. ஆனால் வலக்கை அதன் மேல் சாய்ந்த வாக்கிலேயே, விரல்கள் தளர்ந்து நிற்கின்றன. தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கும் அழகைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அந்த ஒரு சிலைக்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் தகும்.

வெயில் தாழ்ந்ததும் ஆட்டோக்காரரிடம் "கீழவாசல் பீரங்கி மேடு" என்று சொல்லுங்கள். அங்கே கோட்டை மேட்டின் மேல் ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, சுமார் 26 அடி நீளம், கிழக்கு வாசலைப் பார்த்துக் கிடக்கிறது. வார்த்தது இல்லை, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி அடித்து ஏற்றியது. வாய்ப்பக்கம் குனிந்து பார்த்தால் அந்த அடுக்கு புரியும். வெளியூர்க்காரர்கள் இங்கே அதிகம் வருவதில்லை, அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

இரவு தங்குவதாக இருந்தால், மறுநாள் காலை மேலவீதியில் பங்காரு காமாட்சி அம்மனைத் தரிசித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள் பூசை செய்த கோயில் அது.