விலை குறைந்த நர்சரிச் செடியில் போன்சாய்: சுங்கை பூலோவில் எதைப் பார்த்து வாங்குவது?

தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்தான் போன்சாய். அந்தப் பெயர் ஒட்டி விற்கும் மரத்தின் விலையைக் கேட்டாலே பாதிப் பேருக்கு ஆசை போய்விடும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு அந்த விலை மரம் தேவையே இல்லை. பக்கத்திலிருக்கும் சுங்கை பூலோவில், 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பைச் சுற்றி வரிசை வரிசையாக நர்சரிகள். தோட்டம் போடுகிறவர் ஒதுக்கிவிட்டுப் போகும் கோணல் செடிதான் நமக்கு வேண்டியது.

1. எங்கே, எப்போது

முன்வரிசைப் பூக்களைத் தாண்டிக் கடையின் பின்பக்கம் போங்கள். உச்சி ஒடிந்தவை, விற்காமல் கிடந்து தண்டு பருத்தவை அங்கேதான் இருக்கும். விலை எழுதியிருக்காது. "பாஸ், போலே குராங்?" (குறைக்க முடியுமா?) என்று கேட்க வெட்கமே வேண்டாம், இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் இன்னும் குறையும். சீனப் பெருநாளின் 15ஆம் நாளான சாப் கோ மே முடிந்ததும் போய்ப் பாருங்கள். பெருநாளுக்கென்று வந்து மிஞ்சிய லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) தொட்டிகள் மலிவாகக் கிடைக்கலாம்.

2. எதைப் பார்ப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். இலை இன்று உதிரும், நாளை வரும். அடித்தண்டை மாற்றுவதுதான் கஷ்டம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மேல்மண்ணை விரலால் விலக்குங்கள். வேர்கள் நாலாபக்கமும் பிரிந்து போகிறதா? தண்டு அடியில் பருத்து, மேலே போகப் போக மெலிகிறதா? தாழ்வாகக் கிளை உண்டா? மூன்றில் இரண்டு இருந்தால் எடுக்கலாம். கம்பம் மாதிரி ஒரே பருமனாக நிற்பது, ஒட்டுக் கட்டிய இடம் வீங்கியிருப்பது, இரண்டையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். மண்ணில் அழுகல் வாடை, இலைக்கணுவில் வெள்ளையாக மாவுப்பூச்சி என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

முதல் செடிக்கு ஆல், அத்தி இனத்து ஃபைக்கஸ்தான் என் தேர்வு. நம் வெயிலையும் மழையையும் தாங்கும், பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். போகன்வில்லாவும் சரி, ஆனால் அதன் வேர் சட்டென்று ஒடியும். மேப்பிள் குளிர்காலம் கேட்கும் மரம், இந்த ஊரில் வீண் செலவு.

3. வீட்டுக்கு வந்தபின்

இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு கிளையை வெட்டலாம், ஆனால் அதே நாளில் வேரில் கை வைக்காதீர்கள். ஃபைக்கஸை நல்ல கிளை ஒன்றுக்கு மேலே துணிந்து வெட்டலாம். வடியும் பாலைத் துடைத்துவிடுங்கள். லீமாவை அப்படி மொட்டையடிக்கக் கூடாது, ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் இலை விட வேண்டும். புதுத் துளிர் நன்றாகத் தழைத்த பிறகுதான் தொட்டி மாற்றுவது.

கிளையில் சுற்றி வளைக்க அலுமினியக் கம்பி போதும். வாரம் ஒருமுறை பாருங்கள். இங்கே வளர்ச்சி நிற்கும் பருவமே கிடையாது, கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். கழற்றும்போது சுற்றை அவிழ்க்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால் அபராதம் செடி விலையைத் தாண்டிவிடும்.