ஈரலில் தண்ணிப்பை கண்டால் முதலில் நாயைக் கட்டுங்கோ

தீபாவளிக்கு எங்கட வளவில் பங்குக்குக் கிடாய் அடிச்சம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போற வீதியோரம் வீடு. ஈரலை எடுத்து வாழையிலையில் வைத்தால், ஓரத்தில் தேசிக்காயளவு வெள்ளைப் பை. தங்கச்சியின்ர மகன் அதை அரிந்து வீமனுக்கு எறியக் கை ஓங்கினான். பாய்ந்து பிடித்தேன். வீமன் பட்டிக்குக் காவல் நாய். என்ர பேரப்பிள்ளையள் அவன்ர கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் திரிவினம்.

அந்தப் பைக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சுப்பருவம். நாய் தின்றால் குடலில் புழுவாகும், முட்டை மலத்தோடு புல்லுக்கு வரும், ஆடு மேயும், திரும்ப ஈரலில் பை. நாயின் மயிரில் ஒட்டின முட்டை பிள்ளையின் வாய்க்குள் போனால், பிள்ளையின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே பை வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் வளரும். ஆட்டீரல் சாப்பிட்டு மனிதருக்கு வராது. நாயிடமிருந்து வாற புழு முட்டையால்தான் வரும். இதைப் பலர் மாறி விளங்கி வைத்திருக்கினம்.

ஆகவே கத்தி தீட்ட முன்னமே நாய்களைக் கட்டுங்கோ, அயலட்டை நாய்களையும் சேர்த்து. வயிறு திறந்ததும் ஈரலையும் நுரையீரலையும் விரலால் தடவிப் பாருங்கோ. உள்ளே புதைந்த பை கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும். குத்த வேண்டாம். தண்ணியோடு புழுத்தலைகள் நிலத்தில் சிந்தும், பிறகு நாய் வந்து நக்கும். குடல் கொழுப்பில் தொங்குகிற மெல்லிய பை, நடுவில் வெள்ளைப் பொட்டோடு, வேறு இனம். அதையும் நாய்க்குப் போடாதேங்கோ. ஒரே பக்கமாய்ச் சுற்றிச் சுற்றி நடந்த ஆடென்றால் மூளையில் பை இருக்கலாம். தலையும் நாய்க்கு ஆகாது.

பையுள்ள உறுப்பை எரித்து, இடுப்பளவு கிடங்கில் தாட்டு, மேலே கல்லும் முள்ளும் போடுங்கோ. மாரியில் கிடங்கு வெட்ட வெட்டத் தண்ணி ஊறும். எங்களுக்கும் அப்படித்தான், பழைய கிடாரத்தில் அவித்தோம். கொதி வந்த பிறகு அரை மணிக்குக் குறையக்கூடாது. நான் ஒரு மணி விட்டேன்.

நாய்க்குப் பிரசிகுவான்டெல் என்ற நாடாப்புழுக் குளிசை, உடல் நிறை கிலோவுக்கு 5 மில்லிகிராம்: 10 கிலோ நாய்க்கு 50 மில்லிகிராம். மிருக வைத்தியரிடம் கேட்டே குடுங்கோ. மலத்தில் புழு இல்லையே என்று இருந்துவிடாதேங்கோ. இந்தப் புழு அரிசிமணியளவுகூட வராது. பச்சை ஈரல், நுரையீரல் கிடைக்கிற நாயென்றால் 6 கிழமைக்கொருக்கால் குடுக்க வேணும், புழு முட்டையிட ஏறக்குறைய அவ்வளவு நாள் எடுக்கும். குளிசை முட்டையைக் கொல்லாது. குடுத்து 2 நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை மண்வெட்டியால் அள்ளி எரியுங்கோ, பிள்ளையளை அந்தப் பக்கம் விடாமல்.