போர்வெல் தண்ணீர் உப்பானபோது நாங்கள் செய்தது

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலில் இருந்து நடந்து போகிற தூரம். போன மே மாதம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பாகிவிட்டது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு மாற்று வழியே இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச வரம்பே 2,000தான்.

போர் போடுகிறவர் இன்னும் 40 அடி ஆழப்படுத்தலாம் என்றார். நல்லவேளை, நாங்கள் கேட்கவில்லை. இந்த மணல் பகுதியில் மழையால் ஊறிய நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, அடியில் இருப்பது உப்புத் தண்ணீர், அதனால் ஆழம் போகப் போக உப்பைத்தான் இழுப்போம்.

அப்புறம்தான் மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தோம். 2003இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியபோது கட்டியது, உள்ளே முழுக்கச் சேறும் சிமென்ட் கழிவும். அதை வாரிக் கொட்டிவிட்டு, பின்பக்கம் மூடிக் கிடந்த பழைய கிணற்றைத் தூர்வாரினோம். மொட்டை மாடிக் குழாயை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாக அதில் இறக்கினோம். 100 சதுர மீட்டர் மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர், அத்தனையும் இதுவரை தெருவுக்குப் போனது!

டிசம்பரில் மீட்டர் 900 காட்டியது. கீழ்வீட்டு அம்மா அந்தத் தண்ணீரில் துளசிக்கு ஊற்றுகிறார். பக்கத்து இரண்டு வீட்டிலும் இப்போது தொட்டியைத் திறந்திருக்கிறார்கள்.